பாட்டியின் சுகர் மாத்திரையைப் பேரனுக்குக் கொடுக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழு வயது மகனுக்கு, அறிவுத்திறன் குறைபாட்டைக் கொண்டுவரும் ஃப்ரஜைல் எக்ஸ் என்ற மரபணு நோய் என்று போன மாதம் ரத்தப் பரிசோதனையில் உறுதியாகியிருக்கிறது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை கொடுத்தால் பேச்சு வரும், புத்தி தெளியும், வெளிநாட்டில் எல்லாம் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சொல்லியிருக்கிறார். வீட்டில் உங்கள் அம்மா பத்து வருடமாகச் சாப்பிடுவதும் மெட்ஃபார்மின்தான். "அதே மாத்திரைதானே, கால் துண்டு கொடுத்துப் பார்த்தால் என்ன?" என்று கேட்கிறீர்கள். மாத்திரைக்குள் ஒளிந்திருக்கும் கேள்வி எனக்குக் கேட்கிறது. மருந்துக் கடையில் ஏற்கெனவே இருக்கிற ஏதோ ஒன்று என் பிள்ளையின் மூளைக்கு உதவக்கூடியதாக இருந்து, அது தெரியாமல் நாங்கள் நாளைக் கடத்திக்கொண்டிருக்கிறோமா? பெரும்பாலும் அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதப்போகிறேன்.

நான் பெங்களூரில் இருபது வருடத்துக்கு மேலாகக் குழந்தை வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்த்துவரும் மருத்துவன். மருந்து ஆய்வுகளைப் படிப்பவன், நடத்தியவன் அல்ல. உங்கள் மகனையும் நான் பார்த்ததில்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் மாத்திரையைத் தயவுசெய்து உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். நம் ஊரில் சர்க்கரை நோயாளிகள் சாப்பிடும் "மெட்ஃபார்மின்" பல சமயம் தனி மெட்ஃபார்மினாக இருப்பதில்லை. கூடவே கிளிமெபிரைடு என்ற இன்னொரு மருந்தும் அதே மாத்திரைக்குள் இருக்கும். அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. சர்க்கரை நோய் இல்லாத சின்னப் பிள்ளைக்கு அது கொஞ்சம் உள்ளே போனாலும் ரத்தச் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கி, மயக்கமும் வலிப்பும் வரலாம். கலப்பில்லாத தனி மெட்ஃபார்மின் என்றாலும் பெரியவர்களுக்குக் கொடுப்பது பெரும்பாலும் மெதுவாகக் கரையும் வகை. அதை உடைத்தால் அந்த ஏற்பாடே கெட்டுப்போகும். ஒருமுறை ஒரு தாத்தாவின் மாத்திரையை மிட்டாய் என்று எடுத்து வாயில் போட்டுக்கொண்ட மூன்று வயதுக் குழந்தைக்காக, ராத்திரி முழுக்க குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு விழித்திருந்திருக்கிறேன். அந்த ராத்திரியை மறக்க முடியவில்லை.

சரி, இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். யாரோ வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட்ட கதை இல்லை இது. ஃப்ரஜைல் எக்ஸில் எஃப்எம்ஆர்1 என்ற மரபணு வாயடைத்துப் போயிருக்கிறது. அந்த மரபணுவின் ஓரிடத்தில் சிஜிஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். எல்லோருக்கும் வருவதுதான், பெரும்பாலோருக்கு 45 முறைக்குள் நின்றுவிடும். 200-ஐத் தாண்டினால் மரபணு பூட்டிக்கொள்கிறது. 1991-இல் கண்டுபிடிக்கப்பட்ட விஷயம் இது. அந்த மரபணு உண்டாக்க வேண்டிய புரதத்தின் வேலை என்ன? நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சந்திகளில் புதுப் புரதங்கள் கண்டபடி உற்பத்தியாகாமல் கட்டுப்படுத்துவது. சில்க் போர்டு சந்திப்பில் டிராஃபிக் போலீஸ்காரர் லீவு போட்ட நாளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வண்டிகளும் இருக்கின்றன, சாலையும் இருக்கிறது, யார் எப்போது போவது என்று சொல்ல ஆளில்லை.

2004-இல் மார்க் பேர், கிம்பர்லி ஹூபர், ஸ்டீபன் வாரன் மூவரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். அந்தச் சந்தியில் எம்குளூஆர்5 என்ற ஏற்பி (செல்லுக்கு வரும் சைகையை வாங்கும் புரதம்) ஆக்ஸிலரேட்டர் மாதிரி. பிரேக் இல்லாத வண்டியில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், வண்டி கட்டுக்குள் வரும் என்றார்கள். எலிகளில் அது அருமையாக வேலை செய்தது. மரபணு கோளாறால் வரும் அறிவுத்திறன் குறைபாடு என்றால் பிறவியிலேயே எழுதி முடிந்த கதை என்று நாங்கள் படித்த பாடம் அந்தக் காலகட்டத்தில்தான் ஆட்டம் கண்டது. 2007-இல் ஏட்ரியன் பேர்ட் குழு, ரெட் என்ற இன்னொரு மரபணு நோய் உள்ள வளர்ந்த எலிகளில் மரபணுவை மறுபடி இயக்கியபோது அறிகுறிகள் பின்வாங்கியதைக் காட்டினார்கள். பெங்களூரிலேயே, ஜிகேவிகே வளாகத்தில் இருக்கும் என்சிபிஎஸ், இன்ஸ்டெம் என்ற உயிரியல் ஆராய்ச்சி நிறுவனங்களில் ஃப்ரஜைல் எக்ஸ் மூளை பற்றிய ஆராய்ச்சி பல வருடமாக நடந்துவந்திருக்கிறது. அங்கிருந்த சுமந்திர சட்டர்ஜியின் ஆய்வகமும் அமெரிக்காவில் சுசுமு தொனெகாவாவின் ஆய்வகமும் சேர்ந்து 2007-இலேயே எலிகளில் சில குறைகளைத் திருப்ப முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். ஆக, நம்பிக்கைக்கு அஸ்திவாரம் இருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பிறகுதான் மனிதர்களிடம் வந்தார்கள். நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மாவோகுளுரன்ட், ரோஷ் நிறுவனத்தின் பாசிம்குளுரன்ட் இரண்டும் அந்த ஆக்ஸிலரேட்டரை நேரடியாக அடைக்கும் மருந்துகள். இரண்டும் தோற்றன. நோவார்ட்டிஸ் 2014-இல் ஃப்ரஜைல் எக்ஸ் முயற்சியைக் கைவிட்டது. அதற்கு முந்தைய வருடம் ஆர்பாக்லோஃபென் தோற்றது. தசை இறுக்கத்துக்குப் பல காலமாகக் கொடுத்துவரும் பாக்லோஃபெனில் கலந்திருக்கும் இரண்டு கண்ணாடிப் பிம்ப வடிவங்களில் ஒன்று அது. இந்த ஆய்வுகளில், ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகளும் "முன்னேறினார்கள்" என்று பெற்றோர் எழுதிக் கொடுத்ததைக் கவனியுங்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. பிள்ளைக்கு நல்லது நடக்கிறது என்று நம்பும் வீட்டில் பிள்ளையோடு பேசும் விதமே மாறிவிடும்.

இப்படிப் புது மருந்துகள் சறுக்கிய இடத்தில்தான் பழைய மருந்துகள் வரிசையில் வந்தன. காரணம் எளிது. பாதுகாப்பு ஏற்கெனவே தெரியும், விலை குறைவு, நாளைக்கே எழுதிக் கொடுத்துவிடலாம். மினோசைக்கிளின் முகப்பருவுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக். 2013-இல் வந்த ஆய்வில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 3 மாதம் மினோசைக்கிளின், 3 மாதம் வெற்று மாத்திரை, எது எப்போது என்று யாருக்கும் தெரியாதபடி கொடுத்தார்கள். மருத்துவர் போட்ட ஒட்டுமொத்த மதிப்பீட்டில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. அறிவுத்திறன் கூடியது என்று சொல்லும் அளவுக்கு அது இல்லை. எட்டு வயதுக்குள் கொடுத்தால் பல் நிரந்தரமாகக் கறைபடலாம் என்பது வேறு. உங்கள் மகனுக்கு ஏழு. செர்ட்ராலின் என்ற மன அழுத்த மருந்தை 2 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கு மிகக் குறைந்த அளவில் 6 மாதம் கொடுத்துப் பார்த்த 2016 ஆய்வில், எதை அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்களோ அதில் வித்தியாசம் வரவில்லை. உபரியாக அளந்த சிலவற்றில் வந்தது. உபரியில் வந்ததை நான் அரை மனதோடுதான் நம்புவேன். பத்து கல் எறிந்தால் ஒன்றாவது மாங்காயில் படத்தான் செய்யும்.

இனி உங்கள் மெட்ஃபார்மின். இதன் வேர் கலேகா என்ற செடியில் இருக்கிறது. 1957-இல் பிரான்சில் ஜான் ஸ்டெர்ன் சர்க்கரை நோய்க்குக் கொண்டுவந்தார். 2017-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் நாஹும் சோனன்பெர்க் குழு, ஃப்ரஜைல் எக்ஸ் எலிகளுக்கு 10 நாள் மெட்ஃபார்மின் ஊசி போட்டதில் பழகும் தன்மை, திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்கள், நரம்புச் சந்திகளின் வடிவம் எல்லாம் சீரானதாக எழுதினார்கள். அதே வருடம் ஈக்களில் நினைவாற்றல் மேம்பட்டதாக இன்னொரு குழு காட்டியது. அடுத்த வருடம் 7 பேருக்கு மெட்ஃபார்மின் கொடுத்த அனுபவம் அச்சாகியது. வெற்று மாத்திரை ஒப்பீடு இல்லை, பெற்றோர் நிரப்பிய படிவங்கள்தான் பெரும்பாலும் ஆதாரம். எரிச்சல் குறைந்தது, பேச்சில் முன்னேற்றம் என்று குடும்பங்கள் சொன்னார்கள். உங்கள் குழுவில் சுற்றுவது பெரும்பாலும் அந்த 7 பேரின் நிழல். அதை அலட்சியப்படுத்த மாட்டேன், அதை வைத்து மருந்தும் எழுத மாட்டேன். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு, கற்றல் உண்மையிலேயே கூடியதா என்று அளந்து காட்டும் ஆய்வுதான் இதில் என் மனதை மாற்றும்.

மெட்ஃபார்மினில் எனக்கு உறுதியாகத் தெரிந்தவை இவை. சர்க்கரை நோய்க்காகப் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்க அனுமதி இருக்கிறது, அந்த அனுபவம் நிறைய உண்டு. வயிற்றுப்போக்கும் குமட்டலும் ஆரம்பத்தில் சாதாரணம். நாளாவட்டத்தில் பி12 சத்து குறையலாம், சைவக் குடும்பங்களில் அது ஏற்கெனவே குறைவாகத்தான் இருக்கும். ஃப்ரஜைல் எக்ஸ் உள்ள சில பிள்ளைகள் அடங்காப் பசியோடு எடை போடுவார்கள். அப்படிப்பட்ட பெரிய பிள்ளைக்கு எடைக்காக ஒரு மருத்துவர் மெட்ஃபார்மின் யோசித்தால் அதில் நியாயம் இருக்கிறது. புத்திக்காக என்று ஏழு வயதில் ஆரம்பிப்பதற்கு அந்த நியாயம் போதாது.

கொலஸ்ட்ரால் மாத்திரையின் கதைதான் இந்தத் துறையில் எனக்கு மிகப் பெரிய பாடம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்று இன்னொரு மரபணு நோய், உடம்பில் காபி நிறத் திட்டுகளோடு வருவது. அதில் பல பிள்ளைகளுக்குக் கற்றல் சிரமம் உண்டு. 2005-இல் அல்சினோ சில்வாவின் ஆய்வகம், லோவாஸ்டாட்டின் கொடுத்தால் அந்த நோயுள்ள எலிகளின் கற்றல் குறை சரியாகிறது என்று காட்டியது. உலகமே சாப்பிடும் மருந்து, மலிவானது, ஏன் கொக்கு போலக் காத்திருக்க வேண்டும் என்று பல பெற்றோர் கேட்டார்கள். நெதர்லாந்தில் 62 பிள்ளைகளை வைத்து சிம்வாஸ்டாட்டினை 12 வாரம் சோதித்தார்கள். முடிவு 2008-இல் வந்தது. மருந்து சாப்பிட்டவர்கள் இரண்டாம் முறை பரீட்சையில் நன்றாகச் செய்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களும் நன்றாகச் செய்தார்கள்! ஒரே மாதிரிப் பரீட்சையை மறுபடி எழுதினால் யாருக்கும் கொஞ்சம் கை பழகிவிடும். காலம் போதாமல் இருந்திருக்குமோ என்று 84 பிள்ளைகளை வைத்து ஒரு வருடம் முழுக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-இல் முடிவு: பலனில்லை. 2016-இல் லோவாஸ்டாட்டினை வைத்தே செய்த 16 வார ஆய்விலும் பலனில்லை. ஒப்பிடும் குழு இல்லாமல் போயிருந்தால், 2008-லேயே "ஸ்டாட்டின் புத்தியைக் கூட்டும்" என்று கொடி நட்டிருப்பார்கள். நம் ஊர் மருந்துக்கடைகளில் அது சிரப்பாகவே வந்திருக்கும்.

ஃப்ரஜைல் எக்ஸிலும் லோவாஸ்டாட்டினுக்கு 2013-இல் எலி ஆதாரம் வந்தது. 2020-இல் வெளியான மனித ஆய்வை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன். 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு பொதுவான ஏற்பாடு: பெற்றோருக்கு வீடியோ காலில் பயிற்சி கொடுத்து, கதைப் புத்தகத்தை வைத்துப் பிள்ளையோடு பேசும் முறையைச் சொல்லித் தந்தார்கள். அதற்கு மேல் பாதிப் பேருக்கு லோவாஸ்டாட்டின், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. இரண்டு பக்கமும் பேச்சு முன்னேறியது. மாத்திரை அதற்கு மேல் எதையும் சேர்க்கவில்லை. பயிற்சிதான் வேலை செய்தது என்று முழு உறுதியோடு சொல்ல, பயிற்சி இல்லாத மூன்றாவது குழுவும் வேண்டும், அது அங்கே இல்லை. இருந்தாலும் எதில் உங்கள் சாயங்காலங்களைச் செலவழிப்பது என்று கேட்டால் என் பதில் தயக்கமில்லாமல் கதைப் புத்தகம்தான்.

எலிக்குக் கேட்டது பிள்ளைக்கு ஏன் கேட்கவில்லை? இதற்கு உறுதியான ஒற்றை விடை கிடையாது, என் யூகங்களைச் சொல்கிறேன். ஆய்வகத்து எலிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. நம் பிள்ளைகள் அப்படியில்லை. எலிக்கு "கற்றல்" என்றால் தண்ணீர்த் தொட்டியில் மேடையைத் தேடுவது, பிள்ளைக்கு அது மொழி, கணக்கு, பள்ளிக்கூடத்தில் நண்பன் பிடிப்பது. ஆய்வுகள் பெரும்பாலும் சில மாதங்களுக்குத்தான், அதுவும் வளர்ந்த பிள்ளைகளில். மூளையும் சும்மா இருப்பதில்லை. ஒரு தெருவை அடைத்தால் வண்டிகள் சந்து பொந்தில் புகுந்து போவது போல, மருந்து ஒரு வழியை அடைத்தால் செல் வேறு வழி கண்டுபிடித்துவிடுகிறது. சில மருந்துகளில் எலிகளிலேயே பலன் நாள்பட மங்கியதைப் பார்த்திருக்கிறார்கள். எது எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல இன்று யாராலும் முடியாது.

பழைய மருந்து எங்குமே ஜெயிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஃபென்ஃப்ளுரமின் என்ற உடல் இளைக்கும் மாத்திரையை இதய வால்வைக் கெடுத்ததற்காக 1997-இல் அமெரிக்காவில் விலக்கினார்கள். அதே மருந்து, குறைந்த அளவில், இதய எக்கோ கண்காணிப்போடு, 2020-இல் ட்ராவே என்ற கொடூரமான மரபணு வலிப்புக்கு அங்கீகாரம் பெற்றுத் திரும்பி வந்தது. ராபாமைசின் கதை இன்னும் சுவையானது. ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து கிடைத்த மருந்து அது. அதைப் பிரித்தெடுத்தவர் பிரிக்கப்படாத பஞ்சாபில் பிறந்த சுரேந்திரநாத் சேகல். மாண்ட்ரியால் ஆய்வகத்தைக் கம்பெனி மூடியபோது, மருந்தைத் தரும் நுண்ணுயிரை வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார் மனிதர். 1999-இல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்காக அங்கீகாரமான அந்த மருந்தின் உறவுக்கார மருந்து எவரோலிமஸ், டியூபரஸ் ஸ்க்ளிரோசிஸ் என்ற நோயில் மூளைக் கட்டியைச் சுருக்குகிறது, வலிப்பையும் குறைக்கிறது. அங்கும் அறிவுத்திறனுக்கு வந்தால் கதை மாறுகிறது. 2008-இல் எலிகளின் கற்றல் சீரானது. பிள்ளைகளிடம் 2017-இல் 47 பேரையும் 2019-இல் 32 பேரையும் வைத்துச் செய்த இரண்டு ஆய்வுகளிலும் கற்றலிலோ ஐக்யூவிலோ பலன் தெரியவில்லை. இதைத்தான் எங்கள் துறை திரும்பத் திரும்பப் பார்க்கிறது. வலிப்பு நிற்கும், கட்டி சுருங்கும். அறிவுத்திறனின் முள் மட்டும் நகர மறுக்கும்.

டவுன் சிண்ட்ரோம் பற்றியும் இரண்டு வரி, ஏனென்றால் இங்கே நிறையப் பேர் படிப்பீர்கள். மெமன்டின் என்ற அல்சைமர் மருந்தை நாற்பதைக் கடந்த 173 பேரிடம் ஒரு வருடம் சோதித்து 2012-இல் பலனில்லை என்று லான்செட் இதழில் எழுதினார்கள். 2022-இல் ஹார்மோன் பம்ப் வைத்த 7 ஆண்களில் 6 பேருக்குச் சிந்தனைத் திறன் கூடியதாக ஒரு செய்தி வந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத 7 பேர், அவ்வளவுதான், காத்திருக்கலாம். பிராசிட்டம் சிரப் பற்றி மட்டும் எனக்குக் கோபமே உண்டு. நம் ஊரில் வளர்ச்சி தாமதம் என்று போகும் பிள்ளைக்கு "மூளை டானிக்" என்று அதை எழுதாத சீட்டு அபூர்வம். டவுன் சிண்ட்ரோம் உள்ள 25 பிள்ளைகளில் செய்து 2001-இல் வெளியான ஆய்வில் அறிவுத்திறன் கூடவில்லை, சில பிள்ளைகளுக்கு எரிச்சலும் ஆக்ரோஷமும்தான் மிச்சம். அது உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த முறை எழுதியவரிடமே எதற்கு என்று கேளுங்கள்.

உங்கள் மகனுக்கு நோய் உறுதியாகிவிட்டது, இந்தப் பத்தி அவனுக்குப் பொருந்தாது. இன்னும் காரணம் தெரியாமல் அலையும் பெற்றோருக்காக எழுதுகிறேன். அறிவுத்திறன் குறைபாட்டைப் பழைய, மலிவான பொருளால் உண்மையாகவே தடுக்கவோ குறைக்கவோ முடிகிற சில நோய்கள் இருக்கின்றன. பிறவித் தைராய்டு குறைபாட்டுக்குத் தைராக்ஸின். இந்தியாவில் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது. பயோட்டினிடேஸ் குறைபாட்டுக்குப் பயோட்டின் என்ற வைட்டமின். பி6 வைட்டமினை நம்பியிருக்கும் வலிப்புக்குப் பைரிடாக்ஸின். உணவுப் புரதத்தின் ஒரு கூறு உடைபடாமல் உடம்பில் தேங்கும் பிகேயு நோய்க்குச் சிறப்பு உணவு. கிரியேட்டின் உற்பத்திக் குறைபாடுகள் சிலவற்றுக்குக் கிரியேட்டின். மூளைக்குச் சர்க்கரை சரியாகப் போய்ச்சேராத குளுட்1 குறைபாட்டுக்குக் கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவு. இவற்றிலெல்லாம் நோயின் கணக்கு எளிது. இல்லாத ஒன்றைக் கொடுக்கிறோம், அல்லது சேரக்கூடாத ஒன்றைத் தடுக்கிறோம். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு மூளை மிஞ்சும், நாள் கடந்தால் போனது போனதுதான். கடைக்காரரிடம் மருந்து கேட்பதற்கு முன் மருத்துவரிடம் "இவற்றையெல்லாம் பார்த்தாகிவிட்டதா?" என்று கேளுங்கள். இன்னொன்று: மரபணுக்களை ஒட்டுமொத்தமாகப் படிக்கும் எக்ஸோம் பரிசோதனை எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள் என்று நிறையப் பேர் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஃப்ரஜைல் எக்ஸில் அந்த மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருவது வழக்கமான எக்ஸோம் பரிசோதனையில் சிக்காது. அதற்குத் தனிப் பரிசோதனை கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அல்சூர் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பம். அம்மா சந்தோஷத்தில் பூரித்துப்போய், "டாக்டர், அந்தப் பவுடர் ஆரம்பிச்சு ரெண்டே வாரம், வாக்கியமா பேசறான்" என்றார். மாதம் எட்டாயிரம் ரூபாய்ப் பவுடர். நான் மறுக்கவில்லை, பையன் உண்மையாகவே முன்பைவிட நிறையப் பேசினான். கோப்பைப் புரட்டினேன். அதே மாதம்தான் காதில் தேங்கிய நீரை வடிக்க இஎன்டி மருத்துவர் சின்னக் குழாய் வைத்திருந்தார். பள்ளியில் புது ஆசிரியை வந்து அவனை முதல் பெஞ்சுக்கு மாற்றியிருந்தார். எது வேலை செய்தது என்று எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. காது கேட்க ஆரம்பித்த பிள்ளை பேசுவதற்குப் பவுடர் தேவையில்லை என்று என் மனது சொல்லிற்று. பவுடரை ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கச் சம்மதிக்க வைக்க மூன்று விசிட் ஆயிற்று. நிறுத்தியும் பேச்சு குறையவில்லை.

அதனால்தான், ஒரு நாள் உங்கள் மருத்துவரே மெட்ஃபார்மினோ வேறொன்றோ முயன்று பார்க்கலாம் என்று சொன்னால், அதை முறையாகச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஆரம்பிக்கும் முன்பே எதை எதிர்பார்க்கிறோம் என்று மூன்று விஷயம் எழுதி வையுங்கள், "புத்தி தெளிய வேண்டும்" என்று எழுதாமல், "தண்ணீர் வேண்டும் என்றால் கையைப் பிடித்து இழுக்காமல் வாயால் கேட்க வேண்டும்" என்கிற மாதிரி. அந்தச் சமயத்தில் வேறு எதையும் மாற்றாதீர்கள், புதுப் பள்ளி, புதுத் தெரபி, எதுவும். வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் வீடியோ எடுங்கள். மருந்து கொடுப்பது தெரியாத ஒருவர், பள்ளி ஆசிரியர் மாதிரி யாராவது, தனியாக மதிப்பெண் போடட்டும். நிறுத்தும் தேதியை ஆரம்பிக்கும் அன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள். தேதி குறிக்காமல் ஆரம்பித்த மருந்துகளை நிறுத்த யாருக்கும் மனசு வராது, பன்னிரண்டு வயதிலும் அதே சிரப்போடு வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். முறையான ஆய்வு ஏதாவது இந்தியாவில் நடக்கிறதா என்று சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் தேடலாம். அதில் சேர உங்களிடம் யாராவது பணம் கேட்டால், அது ஆய்வு இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது செய்யக்கூடியது என்ன? ஃப்ரஜைல் எக்ஸ் பிள்ளையிடம் கற்றலைத் தடுக்கும் பல விஷயங்களுக்கு நிஜமான மருத்துவம் இருக்கிறது. துறுதுறுப்பும் கவனக்குறைவும் அதிகமாக இருந்தால் மெதில்ஃபெனிடேட் போன்றவை பலருக்கு உதவுகின்றன. பதற்றம் அதிகமானால் அதற்கும் உண்டு. ராத்திரி தூங்காத பிள்ளைக்கு மெலடோனின் தூக்கத்தைச் சீர்படுத்தியதை ஆய்வு காட்டியிருக்கிறது. அடிக்கடி காது சீழ் பிடிப்பது இந்தப் பிள்ளைகளுக்குச் சகஜம், கேட்கும் திறனைப் பாருங்கள். சிலருக்கு வலிப்பு வரும், ஒரு பக்கமாக வெறித்துப் பார்ப்பதைக்கூட வலிப்பா என்று சந்தேகப்படுங்கள். இவை எதுவும் ஐக்யூவைக் கூட்டும் மருந்தில்லை. நன்றாகத் தூங்கி, காது கேட்டு, பத்து நிமிடம் உட்கார முடிந்த பிள்ளை கற்றுக்கொள்வது கூடும். நான் இத்தனை வருடத்தில் கண்ணால் பார்த்த பெரிய மாற்றங்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் வந்தன.

வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், அபார்ட்மென்ட்டில் இந்தி என்று குழம்புகிறான், தமிழை நிறுத்திவிடவா என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். நிறுத்த வேண்டாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள இருமொழிக் குழந்தைகளில் செய்த ஆய்வுகள் இரண்டாவது மொழி கெடுதல் செய்ததாகக் காட்டவில்லை. ஃப்ரஜைல் எக்ஸுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் நினைப்பது அனுபவத்தில்தான். பாட்டியோடு பேச முடியாத பிள்ளைக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரப் பேச்சு நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மருந்தைவிட அவசரமான ஒன்று பாக்கியிருக்கிறது. உங்கள் மனைவிக்குப் பரிசோதனை செய்தாகிவிட்டதா? இது எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது, மகனுக்கு அம்மாவிடமிருந்துதான் வந்திருக்கும். அந்த மூன்றெழுத்து 55 முதல் 200 முறை வரை வரும் கேரியர் (முழு நோய் இல்லாமல் மரபணு மாற்றத்தைச் சுமப்பவர்) பெண்களில் சிலருக்கு மாதவிடாய் சீக்கிரமே நிற்கலாம். கேரியர் ஆண்கள் சிலருக்கு ஐம்பதைத் தாண்டியதும் கை நடுக்கமும் தள்ளாட்டமும் வரும்; உங்கள் மாமனாருக்கு "பார்க்கின்சன் மாதிரி" ஏதாவது சொன்னார்களா என்று யோசித்துப் பாருங்கள். மனைவியின் தங்கை பிள்ளை பெறும் வயதில் இருந்தால் அவருக்குத் தெரிய வேண்டிய விஷயம் இது. இதை வீட்டில் எப்படிச் சொல்கிறீர்கள் என்பது முக்கியம். "உன் பக்கத்திலிருந்து வந்தது" என்ற ஒரு வாக்கியத்தால் உடைந்த குடும்பங்களை என் அறையிலேயே பார்த்திருக்கிறேன். சொந்தத்தில் கட்டியதால் வந்ததா என்றும் சிலர் கேட்பார்கள். இந்த நோய்க்கு அது காரணம் அல்ல. நீங்களே விளக்கிக்கொண்டிருக்காமல், எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் சென்டர் ஃபார் ஹ்யூமன் ஜெனடிக்ஸிலோ நிம்ஹான்ஸிலோ மரபியல் ஆலோசனைக்கு இருவரும் சேர்ந்து போங்கள். போகும்போது ரிப்போர்ட்டோடு, அம்மா சாப்பிடும் மாத்திரையின் அட்டையையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கேயே கேட்டுவிடலாம்.